மருந்தைச் சந்தேகிக்கும் படிப்பு



தொரப்பள்ளி என்றதும் நாட்டுக்கு நினைவு வருவது ராஜாஜி. 1878 டிசம்பர் 10-ல் அவர் பிறந்த வீடு இன்று நினைவு இல்லமாக இருக்கிறது. ஆனால் இந்த ஊர்ப் பிள்ளைகள் தினமும் காலையில் பார்ப்பது வேறொரு உலகம். முதல் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்கள், ஓசூர் சிப்காட், அத்திப்பள்ளி தாண்டினால் பொம்மசந்திரா, ஜிகணி. லாரியும் பைக்கும் கைக்கடிகாரமும் செய்கிற இந்த வட்டாரத்தில் மருந்து செய்கிற ஆலைகளும் இருக்கின்றன. சிப்காட்டில் மைக்ரோ லேப்ஸ் இருக்கிறது. மருந்துக்கான கால்சியம் உப்புகளைத் தயாரிக்கும் குளோபல் கால்சியம் இருக்கிறது. பெங்களூருக்குப் போகும் அதே ஓசூர் ரோட்டில் பயோகான் இருக்கிறது. தலைவலி என்று பெட்டிக்கடையில் வாங்கிப் போடுகிற மாத்திரை எங்கோ கண்காணாத சீமையிலிருந்து வருகிறது என்று இந்த ஊர்க்காரர்கள் மட்டும் சொல்லவே முடியாது.

இன்று பேசப்போவது பி.ஃபார்ம் என்கிற நான்காண்டுப் பட்டப்படிப்பைப் பற்றி.

இந்தப் படிப்பின் பெயரைச் சொன்னதும் வீட்டுத் திண்ணையில் ஒரு கேள்வி வரும். "மெடிக்கல் ஷாப் வைக்கிறதுக்கா நாலு வருஷம்?" கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. அவர் பார்த்த பார்மசிஸ்ட் எல்லாம் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று, சீட்டை வாங்கிப் பார்த்து, அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பவர்தான். அந்த அட்டை அவர் கைக்கு வருவதற்கு முன்னால் என்னவெல்லாம் நடந்திருக்க வேண்டும்? யாரெல்லாம் அதைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்? யாரெல்லாம் சோதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்? முறையாகச் சந்தேகப்படவும், அந்தச் சந்தேகத்தை முறையாகத் தீர்க்கவும் கற்றுத் தருவதுதான் இந்தப் படிப்பு.

சந்தேகப்பட ஆளில்லாமல் போனால் என்ன ஆகும்? தொலைவில் தேட வேண்டாம். 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நடந்ததைப் பாருங்கள்.

மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா மாவட்டத்தில் சின்னக் குழந்தைகளுக்குச் சளி, காய்ச்சல். சிரப் எழுதிக் கொடுத்தார்கள். பெற்றோர் வாங்கி ஊற்றினார்கள். சில நாளில் குழந்தைகளுக்குச் சிறுநீர் நின்றுபோனது. சிறுநீரகம் செயலிழந்தது. தூக்கிக்கொண்டு நாக்பூர் வரை ஓடினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிழைக்கவில்லை. அந்தச் சிரப்பின் பெயர் கோல்ட்ரிஃப். அது செய்யப்பட்ட இடம் நம் தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டம். அக்டோபர் முதல் வாரத்தில் தமிழக அரசின் ஆய்வகம் அதைச் சோதித்தபோது அதில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது. இருக்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். கிட்டத்தட்ட ஐந்நூறு மடங்கு.

அது எப்படி உள்ளே வந்தது? அந்தச் சிரப்பிலிருந்த பாராசிட்டமால் தண்ணீரில் எளிதில் கரையாது. சிரப்பாக்க வேண்டுமானால் கரைய வைக்க ஒரு திரவம் வேண்டும். அதற்கு மருந்துத் தரத்திலுள்ள புரொப்பிலீன் கிளைக்காலைச் சேர்ப்பார்கள். டைஎத்திலீன் கிளைக்கால் அதற்கு நெருங்கிய உறவு. நிறமில்லை, கொழகொழப்பாக இருக்கும், நாக்கில் இனிக்கும். பிரேக் ஆயிலில் கலப்பது அது. விலையும் மலிவு. இரண்டையும் இரண்டு குடுவையில் வைத்தால் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. மூக்கால் முடியாது, நாக்காலும் முடியாது.

சோதனையால் மட்டும்தான் முடியும்.

அந்தச் சோதனை ஒன்றும் பெரிய ரகசியமல்ல. வாயு வண்ணப்பிரிகை, அதாவது காஸ் குரோமட்டோகிராபி. பி.ஃபார்ம் ஏழாம் செமஸ்டரில் கருவிவழிப் பகுப்பாய்வு என்ற பாடத்திலேயே அது வருகிறது. ஒழுங்காக நடக்கும் ஆலையில் மூலப்பொருள் டிரம் வந்து இறங்கியதும் அதன்மேல் மஞ்சள் லேபிள் ஒட்டுவார்கள். 'தொடாதே, இன்னும் சோதிக்கவில்லை' என்று அதற்கு அர்த்தம். கியூசி எனப்படும் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவிலிருந்து ஆள் வந்து மாதிரி எடுத்துப் போவார். தேறினால் பச்சை லேபிள். தேறாவிட்டால் சிவப்பு. மஞ்சள் பச்சையாகும் முன்பு அந்த டிரம்மைத் திறந்து கலவைத் தொட்டிக்குள் ஊற்ற எந்த முதலாளிக்கும் உரிமை கிடையாது. சிந்த்வாடாவில் எமன் நுழைந்தது இந்த இடத்தில்தான். டிரம் வந்தபோது சோதித்தது யார்? சிரப் முடிந்தபோது சோதித்தது யார்? பாட்டில் வெளியே போகலாம் என்று கையெழுத்துப் போட்டது யார்?

இது புது எமனும் அல்ல. 1937-ல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு என்ற மருந்தைக் குழந்தைகள் குடிக்க வாகாக இதே டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்து, ராஸ்பெர்ரி வாசம் சேர்த்து விற்றார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். விற்பதற்கு முன் நஞ்சா இல்லையா என்று சோதிக்க வேண்டும் என அன்றைய சட்டம் சொல்லவில்லை. மறு ஆண்டே, 1938-ல், அமெரிக்கா சட்டத்தை மாற்றியது. 1986-ல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் கிளிசரினில் இதே நஞ்சு கலந்து பதினான்கு நோயாளிகள் இறந்தார்கள். நீதிபதி லென்டின் ஆணையம் விசாரித்து, மருந்து வாங்கியவர்கள் முதல் மேற்பார்வை செய்ய வேண்டியவர்கள் வரை யாரையும் விடாமல் அறிக்கை எழுதியது. இவ்வளவுக்குப் பிறகும் 2022-ல் ஆப்பிரிக்காவின் காம்பியாவில் இதே கதை. இவ்வளவுக்குப் பிறகும் 2025-ல் சிந்த்வாடா.

அமெரிக்காவில் அந்தச் சாவுகள் நடந்த அதே 1937-ல் இந்தியாவில் என்ன நடந்தது தெரியுமா? காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டு பி.ஃபார்ம் படிப்பு தொடங்கியது. தொடங்கியவர் மகாதேவ லால் ஷ்ராஃப். 1932-லேயே அங்கே மருந்து வேதியியலைப் பாடமாகக் கொண்டுவந்தவர் அவர். அப்போது இந்தியச் சந்தையில் போலி மருந்தும் கலப்பட மருந்தும் கொட்டிக் கிடந்தன. கர்னல் ஆர்.என். சோப்ரா தலைமையில் அமைந்த குழு நாடெங்கும் சுற்றி 1931-ல் கொடுத்த அறிக்கை இரண்டு விஷயங்களை வற்புறுத்தியது: மருந்துக்குச் சட்டம் வேண்டும், மருந்தாளருக்குப் படிப்பு வேண்டும். 1940-ல் மருந்துச் சட்டம் வந்தது. 1948-ல் பார்மசி சட்டம் வந்தது. மறு ஆண்டில் இந்தியப் பார்மசி கவுன்சில் அமைந்தது. ஷ்ராஃப் பிறந்த மார்ச் 6-ஐ இன்று பார்மசி கல்வி நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

சரி, வரலாறு இருக்கட்டும். உங்கள் பிள்ளை முதலாண்டு ஆய்வகத்துக்குள் நுழைந்தால் என்ன செய்யும்?

பிள்ளையின் கையில் இரண்டு கண்ணாடிக் குழாய்களைக் கொடுப்பார்கள். நெஸ்லர் சிலிண்டர் என்று பெயர். இரண்டும் ஒரே உயரம், ஒரே அகலம், ஒரே கண்ணாடி. ஒன்றில் சோதிக்க வேண்டிய மருந்துப் பொருளின் கரைசல். மற்றதில் இவ்வளவு குளோரைடுதான் இருக்கலாம் என்று அளந்து வைத்த கரைசல். இரண்டிலும் நீர்த்த நைட்ரிக் அமிலம், பிறகு சில்வர் நைட்ரேட். கண்ணாடிக் கோலால் ஒரு கலக்கு. வெளிச்சம் படாமல் ஐந்து நிமிடம் வைத்துவிட்டு, கறுப்புப் பின்னணியில் பிடித்துப் பார்க்க வேண்டும். இரண்டிலும் மெல்லிய பால்நிறக் கலங்கல் தெரியும். எதில் அதிகம்? மருந்துக் குழாயில் கலங்கல் கூடுதலாக இருந்தால் அந்தப் பொருள் தேறவில்லை. அவ்வளவுதான் சோதனை.

பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அங்கே ஒரு சபலம் வரும். 'கொஞ்சம்தானே கூட இருக்கிறது, பாஸ் என்று எழுதிவிடலாமா?' அன்று ரெக்கார்டு நோட்டில் உள்ளதை உள்ளபடி எழுதப் பழகாத கை நாளைக்கு ஆலையில் மஞ்சள் லேபிளின் மேல் பச்சையை ஒட்டத் தயங்குமா?

இன்னொரு மேசைக்கு வாருங்கள். அங்கே எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்து எமல்ஷன் செய்கிறார்கள். எண்ணெய் நான்கு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு, கருவேலம் பிசின் மாதிரியான அகேசியா ஒரு பங்கு. ஈரமில்லாத கல்வத்தில் எண்ணெயையும் பிசினையும் கலந்து, தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றி, ஒரே திசையில் வேகமாக அரைக்க வேண்டும். கை மாற்றினால் போச்சு, திசை மாற்றினால் போச்சு. சரியாக வந்தால் கல்வத்திலிருந்து 'கிளிக் கிளிக்' என்று ஒரு சத்தம் கேட்கும், கலவை வெண்ணெய் போல வெளுக்கும். சத்தம் வராவிட்டால் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து. அந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு மொத்த வகுப்பும் அரைக்கிற காட்சியை ஒருமுறை பார்க்க வேண்டும்.

மூன்றாவது மேசையில் கணக்கு. பெரியவருக்கு 500 மில்லிகிராம் என்றால் நான்கு வயதுக் குழந்தைக்கு எவ்வளவு? யங் சூத்திரப்படி வயதை, வயதோடு பன்னிரண்டு கூட்டிய எண்ணால் வகுக்க வேண்டும். நான்கின் கீழ் பதினாறு, அதாவது கால் பங்கு, 125 மில்லிகிராம். இன்று மருத்துவர்கள் எடையை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். ஆனாலும் முதலாண்டில் இந்தக் கணக்கைப் போட வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. பாராசிட்டமால் சிரப் கடையில் ஐந்து மில்லியில் 125 என்றும் கிடைக்கும், ஐந்து மில்லியில் 250 என்றும் கிடைக்கும். பாட்டில் ஒரே மாதிரி, நிறமும் ஒரே மாதிரி. போன மாதம் வாங்கியது ஒன்று, இந்த மாதம் வாங்கியது இன்னொன்று என்றால், அம்மா அதே மூடியளவு ஊற்றுவார். குழந்தைக்கு இரட்டிப்பு மருந்து உள்ளே போகும். அந்த அம்மாவுக்கு அதைச் சொல்ல வேண்டியவர் யார்? கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நிற்கும் அதே பார்மசிஸ்ட்தான்.

பிறகு படிப்பு விரிகிறது. உடற்கூறு, உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், மருந்தியல். நம் வீட்டு வாசலில் கேட்பாரற்றுப் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வின்கிரிஸ்டின் எப்படி வந்தது, அது குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயை எப்படி எதிர்க்கிறது என்பதெல்லாம் மூலிகை மருந்தியலில் வரும். ஐந்தாம் செமஸ்டரில் சட்டம். காசநோய் மருந்துகளும் வீரியமான சில ஆன்டிபயாட்டிக்குகளும் ஹெச்1 அட்டவணையில் இருக்கின்றன. 2014 மார்ச் முதல் அவற்றை விற்றால் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

இந்த ஊரில் நின்றுகொண்டு காசநோய் என்ற பேச்சை எடுத்துவிட்டு ராஜாஜியை விட்டுவிட முடியாது.

1948-ல் கிண்டியில் காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசி ஆய்வகம் தொடங்கியது. நாடெங்கும் குழந்தைகளுக்குக் கூட்டம் கூட்டமாக ஊசி போட்டார்கள். மத்திய சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் அதைப் பெரிய இயக்கமாக நடத்தினார். எதிர்த்து நின்றவர் ராஜாஜி. 1955-ல் ஏன் எதிர்க்கிறேன் என்று சிறு நூலே போட்டார். இது பலன் தரும் என்பதற்குப் போதுமான ஆதாரம் எங்கே என்பது அவர் எழுப்பிய முக்கியக் கேள்வி. ஊசியால் பெருங்கேடு வரும் என்ற அவருடைய அச்சம் நிற்கவில்லை. ஆனால் ஆதாரம் எங்கே என்ற கேள்வி நின்றது.

அந்தக் கேள்விக்கு மேடைப் பேச்சால் பதில் சொல்ல முடியுமா? பத்திரிகைச் சண்டையால் முடியுமா? முடியவில்லை. 1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு மாபெரும் ஆய்வு தொடங்கினார்கள். இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோரில் சிலருக்குப் பிசிஜி, சிலருக்கு வெற்று ஊசி. யாருக்கு எது என்று போட்டுக்கொண்டவருக்குத் தெரியாது. ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். 1979-ல் முடிவு வந்தபோது உலகமே திடுக்கிட்டது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுத்ததாகத் தெரியவில்லை. அதே சமயம், கைக்குழந்தைகளுக்கு மூளையுறையைத் தாக்கும் கொடிய காசநோயிலிருந்து அது காப்பாற்றுகிறது என்பதற்கு வேறு ஆய்வுகளில் சான்று இருக்கிறது. அதனால்தான் இன்றும் பிறந்த குழந்தைக்கு அதைப் போடுகிறோம்.

இதில் ஜெயித்தது யார்? ராஜாஜியா, அம்ரித் கௌரா? எட்டாம் செமஸ்டரில் உயிர்ப் புள்ளியியல் படிக்கிற மாணவி இந்தக் கேள்வியையே மாற்றிக் கேட்பாள். யாருக்குப் பலன், எந்த வயதில், எந்த வகை நோயில், எத்தனை பேரில் பார்த்தார்கள் என்று கேட்பாள். அப்படிக் கேட்கத் தெரிந்துவிட்டால் வாட்ஸ்அப்பில் வருகிற அதிசய மருந்துச் செய்தி எதுவும் அவளை அசைக்காது.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். ஆறாம் செமஸ்டர் முடிந்து ஏழாவது தொடங்குவதற்குள் ஒவ்வொரு மாணவரும் ஆலையிலோ மருத்துவமனையிலோ 150 மணிநேரம் பயிற்சி பெற வேண்டும். எத்தனையோ ஊர்ப் பிள்ளைகள் அதற்காகப் பெட்டி கட்டிக்கொண்டு ரயில் ஏற வேண்டியிருக்கிறது. தொரப்பள்ளிப் பிள்ளைக்கோ டவுன் பஸ் தூரத்தில் ஆலைகள் இருக்கின்றன. உள்ளே போனால் முதலில் தொப்பி, கையுறை, காலுறை. பிறகு பேட்ச் ரெக்கார்டு. எந்த மூலப்பொருள், எந்த எடை, எந்த நேரம், யார் எடைபோட்டார், யார் பக்கத்தில் நின்று சரிபார்த்தார் என்று ஒவ்வொரு வரிக்கும் இரண்டு கையெழுத்து. மாத்திரை இயந்திரம் ஓடும்போது இருபது மாத்திரைகளை எடுத்துத் தனித்தனியாக எடை போடுவார்கள். கால் கிராமும் அதற்கு மேலும் எடையுள்ள மாத்திரையானால் சராசரியிலிருந்து ஐந்து சதவீதம் வரை விலகலாம். அதைத் தாண்டியவை இரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. ஆறு மாத்திரைகளை உடல் சூட்டிலுள்ள நீரில் போட்டால், மேல்பூச்சு இல்லாதவை பதினைந்து நிமிடத்துக்குள் உடைந்து கரைய வேண்டும்.

சட்டமும் இந்தப் பட்டத்துக்கு இடம் தருகிறது. மருந்து உற்பத்தியை மேற்பார்வை செய்யும் தகுதிக்கு வேதியியல் பட்டதாரி மூன்று ஆண்டு அனுபவம் காட்ட வேண்டும். பார்மசி பட்டதாரிக்குப் பதினெட்டு மாதம் போதும்.

ஆலை வேண்டாம், மக்களோடு இருக்க வேண்டும் என்பவருக்கும் வேலை இருக்கிறது. வீடு தேடிப் போய்ச் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மருந்து கொடுக்கிற 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களை நடத்த பி.ஃபார்ம், டி.ஃபார்ம் படித்தவர்களுக்கு வாய்ப்புக் கொடுத்தார்கள். ஓசூர்ப் பக்கத்து மருந்துக் கடையில் இன்னொரு திறமையும் வேண்டும். சீட்டு பெங்களூர் டாக்டருடையது, அட்டையில் ஆங்கிலம், எதிரே நிற்கும் பாட்டிக்குத் தெரிந்ததோ தெலுங்கு. அடுத்து வருபவர் கன்னடம், அதற்கடுத்தவர் தமிழ். 'சாப்பாட்டுக்கு முன்னால், வெறும் வயிற்றில்' என்பதை மூன்று மொழியிலும் சொல்லத் தெரிந்த பிள்ளைகள் இந்த எல்லையில்தான் வளர்கிறார்கள்.

இனிப்பான சேதி மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது நியாயமாகாது. ஆரம்பச் சம்பளம் பல இடங்களில் குறைவு. சுவரில் ஒருவருடைய சான்றிதழ் தொங்க, கல்லாவில் படிக்காத இன்னொருவர் நின்று மருந்து கொடுக்கிற கடைகள் இன்னும் இருக்கின்றன. கடைக்குச் சான்றிதழை வாடகைக்கு விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கும் பட்டதாரிகளும் இருக்கிறார்கள். கல்லூரிகள் பெருகிவிட்டன, எல்லாவற்றிலும் ஒரே தரம் இல்லை. அதனால் பணம் கட்டும் முன் பெற்றோர் நான்கு கேள்வி கேட்க வேண்டும்.

இந்த ஆண்டுக்குப் பார்மசி கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா? போன ஆண்டுக் கடிதத்தைக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள், கவுன்சிலின் இணையதளத்தில் பாருங்கள். ஹெச்.பி.எல்.சி என்கிற பகுப்பாய்வுக் கருவி ஓடுகிறதா? கண்ணாடி அறைக்குள் பூட்டி வைத்திருக்கிறார்களா, மாணவர் கைபட வேலை செய்கிறாரா? போன வருடம் படித்த பிள்ளைகள் அந்த 150 மணிநேரத்தை எந்த ஆலையில், எந்த மருத்துவமனையில் கழித்தார்கள்? ஊர்ப்பெயரோடு சொல்லச் சொல்லுங்கள். பாடம் நடத்துபவர்கள் எம்.ஃபார்ம் முடித்தவர்களா, தினமும் வருபவர்களா? இதை அலுவலகத்தில் கேட்காமல் கேன்டீனில் மூன்றாமாண்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள்.

மாணவர்களுக்கும் சில செய்திகள். பயாலஜி குரூப்பும் சேரலாம், மேத்ஸ் குரூப்பும் சேரலாம். பயாலஜி படித்தவருக்கு முதல் செமஸ்டரில் கணக்கு சொல்லித் தருவார்கள், மேத்ஸ் படித்தவருக்கு உயிரியல். தமிழ்நாட்டில் இதற்கு நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கலந்தாய்வு. சென்னை, மதுரை மருத்துவக் கல்லூரிகளில் அரசு இடங்கள் உண்டு. கர்நாடகப் பக்கம் போக நினைப்பவருக்கு வழி வேறு, அங்கே சிஇடி தேர்வு. டி.ஃபார்ம் முடித்தவர் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். கலந்தாய்வு அறிவிப்பு வந்த பிறகு சான்றிதழுக்கு அலைவதைவிட, வருமானச் சான்றும் சாதிச் சான்றும் இருப்பிடச் சான்றும் இந்த மாதமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது அப்பா மட்டும் போகாமல் பிள்ளையையும் அழைத்துப் போங்கள், ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.